தசை தொடாத மூன்று எலும்புகள்

முன்கைத் தசைகளிலிருந்து கிளம்பி மணிக்கட்டைக் கடந்து கைக்குள் போகும் நாண்கள் மொத்தம் 24. விரல்களை மடக்க 9, விரிக்க 9, மணிக்கட்டையே ஆட்ட 6. சிலருக்குப் பிறவியிலேயே ஒன்று குறைந்து 23 இருக்கும். அதனால் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இத்தனை நாண்கள் நெருக்கியடித்துக்கொண்டு கடக்கும் இடத்தில், முன்கையை ஒட்டி வரிசையாக மூன்று எலும்புகள் இருக்கின்றன. ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைகுவிட்ரம் என்பவை அவை. அந்த 24 நாண்களில் ஒன்றுகூட இந்த மூன்றில் எதையும் பற்றுவதில்லை.

உடம்பின் பெரிய மூட்டுகளில் எலும்பை இழுப்பதற்கென்று தசை உண்டு. தொடையெலும்புக்கும் மேற்கைக்கும் கீழ்த்தாடைக்கும் அப்படித்தான். மணிக்கட்டின் இந்த மூன்று எலும்புகளுக்கோ அப்படிச் சொந்தமாகத் தசை கிடையாது. ஒரு பக்கம் முன்கை எலும்பு, மறுபக்கம் இரண்டாம் வரிசை எலும்புகள் என இருபுறமும் நெருக்க, நெருக்கத்துக்குத் தக்கபடி இவை சாய்கின்றன, உருள்கின்றன, நழுவுகின்றன. மணிக்கட்டுக்கு இவ்வளவு வளைவு நெளிவு வாய்த்ததற்கும், அது உடைந்தால் எளிதில் சரியாகாமல் இழுத்தடிப்பதற்கும் காரணத்தைத் தேடினால், பெரும்பாலும் இந்த ஏற்பாட்டில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

மணிக்கட்டு எலும்புகள் எட்டு. முதல் வரிசையில் மேற்சொன்ன மூன்றோடு நான்காவதாக பிசிஃபார்ம் உண்டு. சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கை தொடங்கும் இடத்தில் விரலுக்குத் தட்டுப்படும் பட்டாணி அளவுள்ள குமிழ் அது. ஒரு நாணுக்குள்ளேயே பொதிந்து கிடப்பதால் மூட்டு அசைவில் அதற்கு நேரடிப் பங்கில்லை. இரண்டாம் வரிசையில் ட்ரபீசியம், ட்ரபீசாய்டு, கேப்பிட்டேட், ஹேமேட் ஆகிய நான்கு. இந்த நான்கும் ஒன்றோடொன்று இறுகக் கட்டுண்டு, ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் அடியெலும்புகளோடு சேர்ந்து ஏறத்தாழ ஒரே துண்டாக நகர்கின்றன.

இந்த அசைவைத் தொட்டே உணரலாம். கட்டைவிரலை விறைப்பாக நிமிர்த்தினால் அதன் அடியில், இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் விழும். மேல்நாட்டில் மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சினார்கள் என்பதால் உடற்கூற்று நூல்களில் அதற்கு மூக்குப்பொடிக் குழி என்றே பெயர் நின்றுவிட்டது. அந்தக் குழியின் தரை ஸ்கேஃபாய்டு. அதே எலும்பின் மறுமுனை உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரல் மேடு தொடங்கும் இடத்தில், மணிக்கட்டு மடிப்பை ஒட்டி ஒரு சிறு முடிச்சாகத் தட்டுப்படும். முடிச்சின் மேல் மறு கையின் விரலை வைத்துக்கொண்டு கையைக் கட்டைவிரல் பக்கம் சாய்த்தால் முடிச்சு புடைத்துக்கொண்டு விரலை முட்டும். சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் உள்ளே அமிழ்ந்துவிடும்.

இப்படி முட்டுவதும் அமிழ்வதும்தான் மணிக்கட்டு இயக்கத்தின் மையம். கை கட்டைவிரல் பக்கம் சாயும்போது ட்ரபீசியம் முன்கை எலும்பை நோக்கி நெருங்குகிறது. இடையில் மாட்டிக்கொண்ட ஸ்கேஃபாய்டுக்கு நிமிர்ந்து நிற்க இடம் போதாது. உள்ளங்கைப் பக்கமாகக் குப்புறப் படுக்கிறது. மறுபக்கம் சாய்த்தால் இடம் கிடைக்கிறது, எழுந்து நிற்கிறது. எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு இது அன்றாடச் சங்கதி. ஸ்கேஃபாய்டைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து வைக்கச் சொல்வார்கள். அப்போதுதான் எலும்பு முழு நீளத்தில் படத்தில் விழும். இல்லையென்றால் குறுகித் தன் நிழலுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

ஸ்கேஃபாய்டு படுக்க விரும்பும் எலும்பு. வரிசையின் மறுகோடியில் உள்ள ட்ரைகுவிட்ரம், ஹேமேட்டின் சரிவில் ஏறி இறங்குவதால் எதிர்ப்பக்கம் நிமிரவே விரும்பும். நடுவில் இருக்கும் லூனேட்டை இருபுறமும் குறுகிய, கெட்டியான இணைநார்கள் பிடித்திருக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் நடுக்கயிற்றில் கட்டிய கைக்குட்டைபோல, இரு பக்கமும் சமமாக இழுக்கும்வரை அது நடுவிலேயே நிற்கிறது. லூனேட்டை நேராக வைத்திருப்பது இந்தச் சமன்தான். 

சாவியைத் திருகுவதும் உள்ளங்கையைக் கவிழ்ப்பதும் மணிக்கட்டின் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது முன்கையின் வேலை. கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து அல்னா எலும்பைச் சுற்றிப் புரள்கிறது. கை அதோடு கூடவே போகிறது. மணிக்கட்டுக்கே உரிய அசைவுகள் வேறு. உள்ளங்கைப் பக்கம் சுமார் 80 பாகை மடங்கும், புறங்கைப் பக்கம் சுமார் 70 பாகை நிமிரும், கட்டைவிரல் பக்கம் 20 பாகையும் சுண்டுவிரல் பக்கம் 30 பாகையும் சாயும். இவற்றைக் கலந்துதான் கையைச் சுழற்றுகிறோம்.

அன்றாடத்துக்கு இவ்வளவு தேவையா? 1985இல் பால்மரும் அவருடைய குழுவினரும் கையில் அளவுகருவி பொருத்தி 52 வேலைகளைச் செய்யவைத்துப் பார்த்தார்கள். மடக்க 5 பாகை, நிமிர்த்த 30 பாகை, இருபுறம் சாய்க்க 10, 15 பாகை இருந்தாலே பெரும்பாலான வேலைகள் நடந்துவிடுகின்றன என்று தெரிந்தது. 1991இல் ரியூ குழுவினர் வேறு வேலைகளைக் கொண்டு அளந்து, மடக்கவும் நிமிர்த்தவும் தலா 40 பாகையாவது வேண்டும் என்றார்கள். இரண்டு முடிவுகளும் முரண்படுவதாகத் தோன்றும். எந்த வேலை, எவ்வளவு வசதியாக என்ற கேள்விக்கு ஏற்ப விடை மாறுகிறது, அவ்வளவுதான். நாற்காலிக் கையைப் பிடித்து ஊன்றி எழுவதற்கும் பேனா பிடிப்பதற்கும் தேவைப்படும் பாகைகள் ஒன்றல்ல.

மனிதக் கையின் தனித்துவம் எது என்று தேடிய ஆய்வாளர்களின் கண் கடந்த இருபது ஆண்டுகளாக ஒரு சாய்வான அசைவின் மேல் விழுந்திருக்கிறது. சுத்தியலை ஓங்கும்போது மணிக்கட்டு நிமிர்ந்து கட்டைவிரல் பக்கம் சாய்கிறது. அடி விழும்போது மடங்கிச் சுண்டுவிரல் பக்கம் இறங்குகிறது. நேர் மேலும் கீழும் இல்லை, பக்கவாட்டும் இல்லை. இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஓடும் பாதை. கல் எறிவது, அரிவாள் வீசுவது, சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவது எல்லாம் இந்தப் பாதையில்தான். ஈட்டியம்பு எறிவதை வைத்து ஆய்வாளர்கள் இதற்குப் பெயரிட்டார்கள். சி.டி. ஸ்கேனில் எலும்புகளைத் தனித்தனியாகப் பின்தொடர்ந்தபோது, இந்தப் பாதையில் கை போகையில் ஸ்கேஃபாய்டும் லூனேட்டும் ஏறக்குறைய அசையாமல் நிற்பது தெரிந்தது. அசைவு முழுக்க இரு வரிசைகளுக்கும் இடையிலான மூட்டில் நடக்கிறது. பிடிப்பில்லாத முதல் வரிசை, பலத்த அடி விழும் நேரத்தில் மட்டும் நிலையான மேடையாகிவிடுகிறது. கருவி பிடித்த கைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அமைந்திருக்க முடியாது.

இது எப்படி வாய்த்தது என்பது நீண்ட கதை. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்த டிக்டாலிக் என்ற 37.5 கோடி ஆண்டுப் பழைமையான மீனின் துடுப்பில், முன்கையை அடுத்து நிலத்தில் ஊன்றத்தக்க சிறு எலும்புகள் இருந்தன. மணிக்கட்டின் முதல் தடயங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. மனிதருக்கு நெருக்கமான மாற்றம் வேறொன்று. பெரும்பாலான குரங்குகளுக்கு அல்னா எலும்பு நேராக மணிக்கட்டு எலும்புகளைத் தொடும். வாலில்லாக் குரங்குகளிலும் மனிதரிலும் அது பின்வாங்கிவிட்டது. இடைவெளியைக் குருத்தெலும்பும் நாரும் சேர்ந்த ஒரு முக்கோணத் தட்டு நிரப்புகிறது. அல்னா விலகியதால் கை சுண்டுவிரல் பக்கம் தாராளமாகச் சாயவும், முன்கை பெரிய அளவில் புரளவும் வழி பிறந்தது. அதற்குக் கொடுத்த விலை, சுமையின் பெரும்பகுதி ஆரை எலும்பின் தலையில் விழுந்தது. 1984இல் பால்மரும் வெர்னரும் இறந்தவர்களின் கைகளை வைத்து அளந்தபோது, மணிக்கட்டைக் கடக்கும் விசையில் சுமார் 82 விழுக்காடு ஆரை வழியாகவும் 18 விழுக்காடு அல்னா வழியாகவும் போயிற்று. அல்னாவை வெறும் 2.5 மில்லிமீட்டர் நீட்டியதும் அதன் பங்கு 42 விழுக்காடானது.

மணிக்கட்டு எலும்பு ஒரு பெரிய வழக்கையே திருப்பிய நிகழ்ச்சியும் உண்டு. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில், லியாங் புவா குகையில் 2003இல் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிக உயரமுள்ள பெண்ணொருத்தியின் எலும்புக்கூடு கிடைத்தது. இது தனி மனித இனமா, நோயால் குள்ளமான நம் இனத்தவளா என்று ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிந்து வாதிட்டார்கள். மண்டையோட்டை வைத்து நடந்த வாதம் முடிவதாக இல்லை. 2007இல் மாத்யூ டோச்சேரியும் உடன் ஆய்ந்தவர்களும் அவளுடைய இடக்கையின் ஸ்கேஃபாய்டு, கேப்பிட்டேட், ட்ரபீசாய்டு ஆகிய மூன்று எலும்புகளை எடுத்து வைத்தார்கள். நமக்கும் நியாண்டர்தால் மனிதருக்கும் ட்ரபீசாய்டு உள்ளங்கைப் பக்கம் அகன்று பூட்ஸ் வடிவில் இருக்கும். கட்டைவிரலின் அழுத்தத்தை மணிக்கட்டின் குறுக்கே பரப்பிவிட அந்த அகலம் உதவுகிறது. குகைப் பெண்ணின் ட்ரபீசாய்டோ சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் உள்ளதுபோல ஆப்பு வடிவில் இருந்தது. மணிக்கட்டு எலும்புகளின் வடிவம் கருப்பையில், முதல் சில மாதங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பின்னால் வந்த வளர்ச்சிக் கோளாறு அதை இப்படி மாற்றியிருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். விரல்நுனி அளவேயான ஓர் எலும்பு அவ்வளவு பேசியது.

கண்டியில் பிறந்த கிரிக்கெட் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனின் முழங்கையைப் பற்றி உலகம் பத்தாண்டுக்கு மேல் விவாதித்தது. பிறவியிலேயே அதை முழுக்க நீட்ட முடியாதவர் அவர். முழங்கையின் பாகைக் கணக்கில் எல்லாரும் மூழ்கியிருந்ததால் அவருடைய மணிக்கட்டுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. ஆஃப் ஸ்பின் என்பது பொதுவாக விரல்களால் திருப்பும் கலை. லெக் ஸ்பின்தான் மணிக்கட்டுக்காரர்களின் உடைமை. முரளி ஆஃப் ஸ்பின்னையே மணிக்கட்டால் திருப்பினார். 133 டெஸ்ட், 800 விக்கெட் என்ற கணக்கில் அந்த மூட்டின் பங்கு பெரிது.

மணிக்கட்டு தான் அசைவதோடு நிற்பதில்லை, விரல்களின் வலிமையையும் அதுதான் நிர்ணயிக்கிறது. கையை உள்ளங்கைப் பக்கம் முழுக்க மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்க முயன்றால் இறுகாது. மடக்கும் நாண்கள் ஏற்கெனவே தளர்ந்துவிடுகின்றன. விரிக்கும் நாண்களோ புறங்கையில் விறைத்து விரல்களைப் பின்னால் இழுக்கின்றன. மணிக்கட்டைச் சுமார் 35 பாகை நிமிர்த்தினால் பிடி உச்சத்துக்கு வருகிறது. எதையும் இறுக்கிப் பிடிக்கும்போது யாரும் சொல்லித்தராமலே கை அந்த நிலைக்குப் போய்விடும்.

இந்தத் தொடர்பை நம்பியே சிலருடைய வாழ்க்கை நடக்கிறது. கழுத்தில் தண்டுவடம் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் அடிபட்டவர்களுக்கு விரல்கள் முழுக்கச் செயலிழந்தாலும் மணிக்கட்டை நிமிர்த்தும் தசை தப்பிவிடுவதுண்டு. அவர்கள் மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் தாமாகவே சுருண்டு பொருளைப் பற்றும், தளர்த்தினால் விட்டுவிடும். கரண்டி, பேனா, சீப்பு எல்லாவற்றையும் இப்படித்தான் கையாள்கிறார்கள். பயிற்சியாளர்களும் அவர்களுடைய விரல் நாண்களை முழுக்க நீவி நீட்டிவிடாமல், கொஞ்சம் குறுகியே இருக்க விடுவார்கள். அந்தக் குறுக்கம்தான் பிடி.

மணிக்கட்டின் நாண்களை விரலுக்குக் கடன் கொடுக்கலாம் என்று செய்து காட்டிய இடங்களில் வேலூர் முதன்மையானது. 1946இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் நகம்போல் வளைந்து மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த வழி தேடினார். நரம்பு செத்த தசை மீளாது. ஆனால் மணிக்கட்டை நிமிர்த்த மூன்று நாண்கள் இருக்கின்றன. ஒன்றை எடுத்தாலும் மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும். அந்த ஒன்றை விடுவித்து, வேறிடத்திலிருந்து எடுத்த மெல்லிய நாணால் நீட்டி, நான்காகப் பிரித்து, நான்கு விரல்களிலும் தைக்கும் அறுவை முறையை அவர் வளர்த்தெடுத்தார். மணிக்கட்டுக்கு உழைத்த தசை விரலுக்கு உழைக்கப் பழக வேண்டும். வாரக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு அது பழகிவிடும். கையேந்தி நின்றவர்கள் அந்தக் கையால் தொழில் செய்யப் போனார்கள்.

இனி முறிவுகள். கால் வழுக்கினால் மனிதர் கையை ஊன்றித்தான் விழுகிறார். மணிக்கட்டு பின்னால் நிமிர்ந்த நிலையில் உடம்பின் எடை அதன் மேல் இறங்குகிறது. வயதானவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, ஆரை எலும்பின் நுனி முறிகிறது. அதை மூட்டு விலகல் என்றே நெடுங்காலம் கருதிவந்தார்கள். 1814இல் டப்ளின் அறுவை மருத்துவர் ஏப்ரகாம் காலிஸ், இது விலகலல்ல, முறிவு என்று வெறும் கையால் தொட்டுப் பார்த்தே எழுதிவைத்தார். எக்ஸ்ரே வர இன்னும் 81 ஆண்டு இருந்தது. கை கோணி வீங்குவதால் இந்த முறிவை யாரும் தவறவிடுவதில்லை.

இளைஞர்களுக்கு முறிவது பெரும்பாலும் ஸ்கேஃபாய்டு. கவலைக்குரியது அதுதான். பைக்கிலிருந்தோ கபடிக் களத்திலோ விழுந்தவருக்குக் கை கோணுவதில்லை, வீக்கமும் லேசானது. சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் வலியும் குறைந்துவிடும். மூக்குப்பொடிக் குழியை அழுத்தினால் சுரீரென்று வலிப்பதே முறிவின் முதல் அடையாளம். முதல் நாள் எக்ஸ்ரேயில் கோடு தெரியாமல் போகலாம். அப்படித் தெரியாவிட்டாலும் மருத்துவர்கள் மாவுக்கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பதும், எம்.ஆர்.ஐ. பார்ப்பதும் இந்தக் குழியின் வலியை நம்பித்தான்.

ஸ்கேஃபாய்டு ஒட்டத் தாமதமாவதற்கு அதன் ரத்த ஓட்டம் காரணம். எலும்பின் மேற்பரப்பில் பெரும்பகுதி குருத்தெலும்பு போர்த்தியது. ரத்தக் குழாய் நுழைய இடம் குறைவு. 1980இல் கெல்பர்மனும் மேனனும் காட்டியபடி, எலும்புக்குள் பாயும் ரத்தத்தில் 70 முதல் 80 விழுக்காடு புறங்கைப் பக்கத்து விளிம்பு வழியாக நுழைந்து முன்கைப் பக்கம் திரும்பி ஓடுகிறது. இடுப்பு எனப்படும் அதன் குறுகிய நடுப்பகுதியில் எலும்பு முறிந்தால் முன்கையை ஒட்டிய துண்டுக்கு வரத்து அறுந்துவிடும். துண்டு உள்ளே மெதுவாகச் செத்துப்போவதும் உண்டு. ஸ்கேஃபாய்டின் இந்த இடுப்பு முறிவு ஒட்டச் சாதாரணமாகவே கூட 8 முதல் 12 வாரம் எடுத்துக்கொள்ளும்.

எலும்பு முறியாமல் ஸ்கேஃபாய்டுக்கும் லூனேட்டுக்கும் இடையிலான நார் மட்டும் அறுந்தாலும் விளைவு கடுமையானது. மேயோ மருத்துவமனையின் ரொனால்ட் லின்ஷெய்டும் சக மருத்துவர்களும் 1972இல் அதை விளக்கினார்கள். ஸ்கேஃபாய்டு தன் போக்கில் குப்புற விழுகிறது. பிடியிழந்த லூனேட் ட்ரைகுவிட்ரத்தோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் மல்லாந்துவிடுகிறது. மூட்டுப் பரப்புகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் உரச, ஆண்டுகள் போகப் போக குருத்தெலும்பு தேய்கிறது. நாரைத் தைத்த பிறகு கொடுக்கும் பயிற்சியில், சுத்தியலை வீசும் அந்தச் சாய்வுப் பாதையிலேயே முதலில் கையை அசைக்கச் சொல்லும் முறை இப்போது பரவிவருகிறது. ஸ்கேஃபாய்டும் லூனேட்டும் அசையாததால் தையல் இழுபடாது.

தேய்ந்தே போன மணிக்கட்டுக்கு இடுப்பு மூட்டுபோலச் செயற்கை மூட்டு எளிதாகப் பொருந்துவதில்லை. இடுப்பில் ஒரு பந்தும் ஒரு கிண்ணமும்தான்; இங்கே எட்டு எலும்புகளின் ஒருங்கிணைப்பை இரண்டு உலோகத் துண்டுகள் பாவனை செய்ய வேண்டும். ஆகவே பலருக்கு வேறொரு சிகிச்சை. லண்டனில் டி.டி. ஸ்டாம் 1944இல் எழுதிய முறைப்படி, ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைகுவிட்ரம் மூன்றையும் அப்படியே எடுத்துவிடுகிறார்கள். அவற்றில் எந்தத் தசைநாணும் ஒட்டியிராததால் எதையும் அறுத்து வேறிடத்தில் தைக்க வேண்டியதில்லை. கேப்பிட்டேட்டின் உருண்டைத் தலை, லூனேட் இருந்த பள்ளத்தில் வந்து அமர்கிறது. பாதிக்கும் மேற்பட்ட அசைவும் பிடிவலிமையில் பெரும்பகுதியும் மிஞ்சுகின்றன. கேப்பிட்டேட்டின் தலையில் குருத்தெலும்பு நன்றாக இருந்தால்தான் இது செல்லும். இளவயதினருக்கு மருத்துவர்கள் தயங்குவார்கள். தலையின் வளைவும் பள்ளத்தின் வளைவும் முழுக்க ஒத்துப்போவதில்லை என்பதால் பத்துப் பதினைந்து ஆண்டில் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியத் தொடங்குகிறது. அப்படித் தெரிந்தும் பலருக்கு வலி இருப்பதில்லை.